எண்ணெய்க்கு முந்தைய ஹிஜாஸின் வருவாய்

ஏற்றுமதி என்றதும் கப்பலில் ஏறும் சரக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வெளிநாட்டார் ஒரு நாட்டுக்கு வந்து தங்கி, உண்டு, பயணம் செய்து விட்டுச்செல்லும் பணமும் அந்நாட்டின் அயல்நாட்டுச் செலுத்துச் சமநிலையில் ஏற்றுமதி வரவாகவே பதியப்படுகிறது. பெரும்பாலும் இவ்வருவாயை நம்பியே ஓர் அரசு நடைபெற்றதற்கு, 1925ஆம் ஆண்டின் இறுதியில் மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு சுஊதின் கைக்கு வந்த ஹிஜாஸ் தெளிவானதொரு சான்றாகும்.

அங்கு அரிசியும் துணியும் வெளியிலிருந்தே வந்தன. ஈடாக அனுப்புதற்குக் குறிப்பிடத்தக்க விளைபொருள் ஏதும் இல்லை. ஹாஜிகள் செலுத்திய வரி, ஒட்டக வாடகை, முதவ்விஃப்களின் கட்டணம், தங்குமிடச் செலவு ஆகியனவே கணக்கை நேர்செய்தன. 1920களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஹாஜிகளின் தொகை ஆண்டுக்கு ஓர் இலட்சத்தைக் கடந்ததுண்டு. டச்சு ஆட்சியின் கீழிருந்த ஜாவா, சுமத்திரா பகுதியினர் அவர்களுள் பெருந்தொகையினர். டச்சு வணிகச் சங்கம் 1926இல் ஜித்தாவில் வங்கிக் கிளை திறந்தது அவர்களை முன்னிட்டே.

1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை வீழ்ந்தது. சிறு தோட்டக்காரரின் ஹஜ் சேமிப்பும் கரைந்தது. 1933இல் வெளிநாட்டு ஹாஜிகள் ஏறத்தாழ இருபதாயிரம் பேரே. மக்காவின் கடைவீதி நிலவரத்தைச் சுமத்திராவின் ரப்பர் விலை தீர்மானித்தது என்றால் அது மிகையன்று. அரசு ஊழியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது.

இந்த நெருக்கடியில்தான், 1933 மே 29 அன்று, நிதியமைச்சர் அப்துல்லாஹ் சுலைமான் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் கலிஃபோர்னியா நிறுவனத்துடன் எண்ணெய் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். முன்பணமாக வந்த 35,000 தங்கப் பவுன்கள் ஆகஸ்டு மாதம் மேற்கூறிய டச்சு வங்கியிலேயே எண்ணி ஒப்படைக்கப்பட்டன. ஹாஜிகளுக்காகத் திறக்கப்பட்ட வங்கி அது! இவ்வொப்பந்தத்தை எண்ணெயின் வரலாறாகவே நூல்கள் பலவும் கூறிச்செல்கின்றன. ஹஜ் வருவாய் சரிந்த வரலாறாகவும் அதனைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இறையில்லம் நாடி வருவோரிடம் வரி வாங்கும் வழக்கத்தைக் கைவிட அரசுக்கு மாற்று வருவாய் வேண்டியிருந்தது. அவ்வரி நீக்கப்பட்டது 1952இல்தான்.

ஹிஜாஸுக்கு வரவான இப்பணம், ஹாஜிகளை அனுப்பும் நாடுகளுக்கு அந்நியச் செலாவணிச் செலவாகும். இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் ஹாஜிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைத் தனியே அச்சிட்டது இக்கணக்கு தொடர்பில்தான். சாதாரண நோட்டுகளிலிருந்து பிரித்தறிய அவற்றின் நிறமும் மாற்றப்பட்டிருந்தது. வரிசை எண்ணுக்கு முன் 'எச்ஏ' என்னும் எழுத்துகள் இருந்தன.