கதிரையில ஏறின அம்ப்

சின்ன ஹோலில பயிற்சி எடுக்கிற எந்த பாண்டைப் போய்ப் பார்த்தாலும், ஆக்கள் இருக்க ஏலாத ஒரு பிளாஸ்டிக் கதிரை அங்க நிக்கும். அதில கிற்றார் அம்ப் ஏறி இருக்கும். இடம் காணாததாலதான் அப்பிடி வைக்கினம் எண்டு நான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒருநாள் கதிரை கிடைக்கேல்ல. அம்பை நிலத்தில வைச்சுத் தொடங்கினம். கிற்றார்காரன் "எனக்கு ஒண்டுமே கேக்கேல்லயடா" எண்டு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். முன்னால நிலத்தில இருந்து கேட்ட தம்பி காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போயிட்டான். ரெண்டு பேருமே பொய் சொல்லேல்ல.

நிண்டு வாசிக்கிறவரின் காது நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் இருப்பது முழங்கால் மட்டத்தில். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று தாழ்ந்த ஒலிகளை எல்லாப் பக்கமும் பரப்பும். ஆனால் கூர்மையான உயர் ஒலிகள் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேர் முன்னுக்குத்தான் போகும். அந்த வெளிச்சம் வாசிப்பவரின் காற்சட்டையைத் தாண்டிப்போய், முன்வரிசையில் இருப்பவரின் முகத்தில் விழுகிறது. அம்பைத் தூக்கி வைக்கிறதின்ர வரலாறு முழுக்க இந்த ஐந்தடியைக் கடக்கிற கதைதான். அதோட இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும்: தூக்கிறது ஆர்?

அமெரிக்காவில் இருந்து தொடங்குவோம். கலிஃபோர்னியாவின் ஃபுலர்ற்றன் நகரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிற்றார் செய்து உலகப் பெயர் எடுத்த அந்த மனிசனுக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அதனாலேயோ என்னவோ, வாசிக்கிறவை சொல்லுற குறைகளை அவர் கவனமாகக் கேட்டார். 1960களில் அவருடைய பெரிய அம்புகளின் இரு பக்கத்திலும் பளபளக்கும் உலோகக் கால்கள் வந்தன. காலைத் திருப்பி விட்டால் அம்ப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும், ஸ்பீக்கர் மேலே பார்க்கும். பெட்டியை உயர்த்தவே தேவையில்லை, முகத்தைத் திருப்பினாலே போதும். எனக்குப் பிடிச்ச தீர்வு இதுதான். ஆனால் சுமைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ட்வின் றிவேர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ. அதன் தலையில் ஒரேயொரு கைபிடி.

இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டில் செய்யப்பட்ட வொக்ஸ் அம்புகளுக்குக் குரோம் பூசிய குழாய் ஸ்ராண்ட் இருந்தது. அடியில் சில்லு. உயர்த்துவதையும் உருட்டுவதையும் ஒரே சாமான் செய்தது. பீற்றில்ஸின் பழைய படங்களில் பின்னால் மினுங்குவது அதுதான். 1965 ஓகஸ்ட் 15 அன்று நியூயோர்க்கின் ஷேய் அரங்கில் 55,600 பேருக்கு முன்னால் அவர்கள் 100 வாற் வொக்ஸ் அம்புகளோடு வாசித்தார்கள். பாட்டு அரங்கத்தின் ஒலிபெருக்கியில் போனது. கிற்றாருக்கு அந்தப் பெட்டிகள் மட்டும்தான். ரசிகர்களின் கூச்சலில் பாண்டுக்கே தன் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால ரெண்டடி ஸ்ராண்ட் என்னத்தைச் செய்யும்?

அதே 1965இல், லண்டனில், விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜிம் மார்ஷல் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் படிப்பித்தவர். ஹான்வெலில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார், பிறகு அம்ப் செய்யத் தொடங்கினார். அவரிடம் வந்த வாடிக்கையாளர்களில் 'த ஹூ' பாண்டின் பீற் டவுண்செண்டும் ஜோன் என்ற்விசிலும் இருந்தார்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் மற்றவர் அதற்கு மேலே போவார். டவுண்செண்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்பீக்கர் கிற்றாரின் உயரத்துக்கு வந்தால், அதன் சத்தம் கம்பிகளைத் திரும்ப அதிரவைக்கும். அந்த ஃபீட்பாக்கை மற்றவர்கள் பிழை என்று ஒதுக்க, அவர் இசையாக்கினார்.

எட்டு 12 அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் வேண்டும் என்று கேட்டார் டவுண்செண்ட். மார்ஷல் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது: உங்கட ஆக்களால தூக்க ஏலாது எண்டு அவர் எச்சரிச்சார். சம்பளம் வாங்கினம்தானே என்ற மாதிரி டவுண்செண்ட் பதில் சொன்னார். பெட்டிகள் போயின. கொஞ்ச நாளில் டவுண்செண்ட் திரும்பி வந்தார். தூக்குகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியை இரண்டாக வெட்டித் தரச் சொன்னார். வெட்டினால் பெட்டி பிரிந்துபோகும் என்று சொன்ன மார்ஷல், நாலு நாலு ஸ்பீக்கராக இரண்டு பெட்டி செய்து ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம் என்றார். மேற்பெட்டியின் மேல் இரண்டு ஸ்பீக்கரும் சற்று மேலே பார்க்கிற மாதிரிச் சரிந்திருக்கும். அதற்கு மேலே அம்பின் தலை. மொத்தம் ஆள் உயரம்.

'மார்ஷல் ஸ்ராக்' என்று போஸ்ரர்களிலும் ரீசேட்டுகளிலும் நாங்கள் பார்க்கிற அந்தக் கறுப்புச் சுவர் அப்படித்தான் வந்தது. றொக் இசையின் வீம்புக்கும் ஆணவத்துக்கும் அதைத்தான் அடையாளமாகக் காட்டுவார்கள். எனக்கு அதைப் பார்க்கிறபோது வான் பின்கதவடியில நிண்டுகொண்டு "இதை நாங்கள் தூக்க மாட்டம்" எண்டு சொன்ன ஆக்கள்தான் ஞாபகம் வரினம். அந்தப் பெட்டி நடுவில பிரிஞ்சது அவையாலதான்.

பாதியானாலும் ஒரு பெட்டி 36 கிலோ அளவில் நிற்கும். அதுக்குத்தான் அடியில கழட்டிப் பூட்டுற சில்லு. இந்தச் சில்லைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். சில்லுப் பூட்டினால் அம்பின் சத்தம் மாறும் என்று பலர் சத்தியம் பண்ணுவார்கள். மேடை உள்ளே கோறையாக இருந்தால், பெட்டியின் அதிர்வு பலகைக்குள் இறங்குவது கொஞ்சம் குறையலாம். ஆனால் 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீற்றர். மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டதென்று அது கவலைப்படாது. நிலம் தாழ்ந்த ஒலிக்குக் குடுக்கிற பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சில்லு உண்மையில காப்பாத்துறது முதுகைத்தான்.

உயர்த்துவதின் எல்லையைத் தொட்டவர்கள் கிரேற்ஃபுல் டெட். 1974இல் அவர்கள் தங்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களை அடுக்கிக் கட்டிய சுவர் சுமார் 75 தொன். சனத்துக்குக் கேட்கிறதே பாண்டுக்கும் கேட்டது. ஐந்தடிப் பிரச்சினை முழுசாகத் தீர்ந்தது. ஆனால் ஒரு ஊரில் வாசிக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடையைக் கட்டத் தொடங்கவேண்டி இருந்தது. ஆட்கள் கூடினார்கள், செலவு ஏறியது, அந்த வருசம் ஒக்ரோபரோடு பாண்ட் சுற்றுப்பயணத்தை நிறுத்தி ஓய்வெடுத்தது. சுவர் பிறகு அந்த வடிவில் திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் அம்புக்கு முன்னாலும் மைக் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. சனத்துக்குக் கேட்கவைப்பது ஒலிபெருக்கியின் வேலையானது, வாசிப்பவருக்கு மேடை மொனிற்றர் வந்தது. இப்ப பெரிய மேடைகளில தெரியிற அம்புச் சுவர்களில கனக்கப் பெட்டி வெறும் கூடு, உள்ளுக்கு ஸ்பீக்கரே இல்லை. உண்மையாக வேலை செய்கிறது மூலையில் ஒரு சின்ன ஸ்ராண்டில் மல்லாக்கச் சாய்ந்திருக்கிற ஒரு அம்ப்.

எங்கட ஹோலில கதிரை விசயம் கொஞ்சம் மாறியிட்டுது. அம்ப் ஆடி ஆடி விளிம்புக்கு வந்து ஒருக்கா விழப்பார்த்தது. இப்ப நிலத்தில வைச்சு, முன்பக்கத்துக்குக் கீழ ரெண்டு செங்கல் குடுத்திருக்கிறம். சுவரோட சாய்ஞ்சு மேல பாத்துக்கொண்டு நிக்குது. கிற்றார்காரன் தானாச் சத்தத்தைக் குறைச்சான். தம்பி கதிரையில இருந்து கேக்கிறான்.