எடுத்தாளப்படுதலும் ஏற்றம் பெறுதலும்

கி.பி. 1924ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு இப்னுந் நஃபீஸ் 1242இல் எழுதிய விரிவுரையே அதன் பொருள். இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் வலப்புறமிருந்து இடப்புறம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் கூறியிருந்தார். அச்சுவரில் துளையே இல்லை. இரத்தம் நுரையீரல் சென்று காற்றுடன் கலந்த பின்னரே இடப்புறத்தை அடைகிறது என்று இப்னுந் நஃபீஸ் அதனை மறுத்தார். வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்த 1628ஆம் ஆண்டுக்கு 386 ஆண்டுகள் முந்திய கூற்று இது.

இத்துணைப் பெரிய செய்தியைத் தாங்கிய அந்த ஆய்வேடு நூலாக அச்சேறவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவரும் வரலாற்றறிஞருமான மாக்ஸ் மேயர்ஹோஃப் ஜெர்மன் மொழியிலும், பின்னர் 1935இல் 'ஐஸிஸ்' ஆய்விதழில் ஆங்கிலத்திலும் எழுதிய பிறகே இப்னுந் நஃபீஸின் பெயர் அறிவியல் வரலாற்றில் பரவலாக எடுத்தாளப்படலாயிற்று. செய்தி ஒன்றே. எழுதப்பட்ட மொழி, வெளியான இடம், எழுதியவரின் புகழ் ஆகியவையே வேறுபட்டன. ஓர் ஆய்வு பிறரால் எடுத்தாளப்படுவதை முடிவு செய்யும் காரணிகளுள் இம்மூன்றும் தலையாயவை எனலாம்.

இன்று மேற்கோள்களை எண்ணுவது ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அதன் வேர் அமெரிக்கச் சட்டத்துறையில் இருக்கிறது. ஒரு தீர்ப்பு பிற்காலத் தீர்ப்புகளில் எங்கெங்கே எடுத்தாளப்பட்டது எனக் காட்டும் அட்டவணையை ஃபிராங்க் ஷெப்பர்டு 1873இல் தொடங்கினார். அம்முறையை அறிவியலுக்கும் பயன்படுத்தலாம் என 1955இல் எழுதிய யூஜின் கார்ஃபீல்டு, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். தொடர்புடைய கட்டுரைகளைத் தேடுவோர்க்கு வழிகாட்டுவதே அதன் முதல் நோக்கமாகும்.

அவ்வட்டவணையைக் கொண்டு டெரிக் டி சோலா பிரைஸ் 1965இல் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அதுவரை வெளிவந்த கட்டுரைகளில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஒருமுறையேனும் எடுத்தாளப்படுவதில்லை. 49 விழுக்காடு ஒரே ஒருமுறை எடுத்தாளப்படுகின்றன. எஞ்சிய சிலவே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. ஏற்கனவே எடுத்தாளப்பட்டது என்பதே மேலும் எடுத்தாளப்படக் காரணமாகிவிடுகிறது. ஒத்த கண்டுபிடிப்பைப் புகழ்பெற்றவரும் அறியப்படாதவரும் செய்தால், சிறப்பு முன்னவருக்கே சேர்கிறது என்பதை 1968இல் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கினார்.

கட்டுரையின் வகையும் துறையும் பிற காரணிகள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் மேற்கோள்கள் மலிந்திருக்கும். கணிதத்தில் அவை குறைவு. புதிய கோட்பாட்டைவிடப் பயன்படு முறையைக் கூறும் கட்டுரை மிகுதியாக எடுத்தாளப்படுவதும் உண்டு. புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரியும் தோழர்களும் 1951இல் எழுதிய கட்டுரை, 2014 அளவில் மூன்று லட்சம் மேற்கோள்களைக் கடந்திருந்தது. மாறாக, 1866இல் வெளியான மெண்டலின் பாரம்பரியவியல் கட்டுரை, அவர் மறைந்து 16 ஆண்டுகள் கழித்து 1900இல்தான் உலகின் கவனத்தைப் பெற்றது. மறுப்பதற்காக எடுத்தாண்டாலும் எண்ணிக்கை கூடவே செய்யும் என்பதும் ஈண்டு கருதத்தக்கது.

தேடுவோர்க்கு வழிகாட்ட வந்த அட்டவணை, காலப்போக்கில் ஆசிரியர் நியமனத்துக்கும் ஆய்வு நிதிக்கும் அளவுகோலாயிற்று. ஆய்விதழின் மேற்கோள் சராசரியைக் கொண்டு தனியொரு கட்டுரையை மதிப்பிடலாகாது என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் உருவாக்கிய பிரகடனம் வலியுறுத்தியது. நமக்கும் இதில் பங்குண்டு. அட்டவணையில் சேர்க்கப்பட்ட இதழ்களின் மேற்கோள்களே எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஆங்கில இதழ்களே மிகுதி. தமிழிலோ அரபியிலோ எழுதப்படும் நல்லாய்வு அக்கணக்கில் வராமலே போகலாம்.

எண்ணிக்கை ஒரு கருத்து சென்ற தூரத்தைக் காட்டும். அதன் உண்மையைக் காட்டாது. அத்ததாவியின் ஆய்வேட்டை எண்ணிக்கையால் மட்டும் அளந்திருந்தால், அது பொருட்படுத்தத் தகாததாகவே தோன்றியிருக்கும். அதன் தகுதியை உலகறியச் செய்தவர் அதைப் படித்துப் பார்த்த ஒருவரே. ஆய்வாளரைத் தேர்வு செய்யும் பொறுப்பிலுள்ளோர் எண்களைப் பார்க்கட்டும். ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டே தீர்ப்புக் கூறட்டும்.