விழிப்படலம் காத்த மருந்து



நெளுக்குளத்து வயல்வெளியில் கண் சிவந்து நீர் வடிந்தால், தூசி விழுந்ததென்றே எண்ணுகிறோம். விழியின் முன்னுள்ள பளிங்குப் படலத்தைத் தாக்கும் ஹேர்ப்பீஸ் வைரசும் அவ்வாறே தொடங்கும். பின்னர் மரக்கிளைபோற் புண் படர்ந்து, தழும்பாகிப் பார்வையை மறைக்கும்.

1962 இல் அமெரிக்க மருத்துவர் ஹேர்பேர்ட் கவுஃப்மன், ஐடொக்சியூரிடின் என்னும் சொட்டுமருந்தால் இந்நோயை அடக்கலாமெனக் காட்டினார். வைரசை வென்ற முதல் மருந்துகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் ஆழ்ந்த தழும்பை மருந்து அகற்றாது. அதற்கு இறந்தோர் ஈந்த படலமே வேண்டும். அக்கொடையை நம் நாட்டில் இயக்கமாக்கியது, 1961 இல் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம்.

இன்று அசைக்குளோவிர் முதலிய மருந்துகள் உண்டு. ஆனால் வைத்தியரைக் கேளாது இடும் ஸ்டெரொயிட் சொட்டுமருந்து இந்நோயை வளர்த்துவிடும். ஆதலின், கண் சிவந்து கூசினால் அன்றே வைத்தியரை நாடுங்கள். தழும்பு விழுமுன்னரே மருந்து வெல்லும்.