சிஆர்பி, இஎஸ்ஆர் கூடினால் புரோஸ்டேட் புற்றுநோயா? டெல்டா ஆண்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை பிடித்துவிட்டால், டெல்டா கிராமங்களில் காய்ச்சலும் மூட்டுவலியும் சேற்றுப்புண்ணும் சகஜம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லேபில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டில் சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் கூடுதலாக இருக்கும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு பிஎஸ்ஏ அளவும் சேர்ந்து கூடியிருந்தால், வீட்டில் எல்லோருக்கும் வரும் முதல் பயம், "கேன்சரா இருக்குமோ?"

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாது? பார்க்கலாம்.

சிஆர்பி, இஎஸ்ஆர் என்றால் என்ன?

இரண்டுமே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவுகள். சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். கிருமித்தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஏறும், தொற்று அடங்கினால் சில நாட்களில் இறங்கிவிடும். இஎஸ்ஆர் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். வயது கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் இஎஸ்ஆர் கூடும். ஆண்களுக்கு வயதில் பாதி வரை இருக்கலாம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு. 60 வயதுக்காரருக்கு 28 இருந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

வயலில் தேங்கிய நீர் வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சல், சிக்குன்குனியா, காலில் சீழ்ப்புண் என எதுவும் இவற்றை ஏற்றிவிடும். உடலில் ஏதோ நடக்கிறது என்பதுதான் இதன் பொருள். எங்கே, ஏன் என்பதை இந்த எண்கள் சொல்லாது. புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இவை அல்ல.

அப்போ பிஎஸ்ஏ?

இது புரோஸ்டேட் சுரப்பி மட்டுமே பெருமளவில் சுரக்கும் புரதம். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் என்பது பொதுவாகப் பார்க்கும் எல்லை. 4 முதல் 10 வரை இருப்பவர்களில் பயாப்சி செய்தால் சுமார் நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் தெரியவரும். மற்றவர்களுக்கு வயதானால் வரும் புரோஸ்டேட் வீக்கமோ, தொற்றோதான் காரணமாக இருக்கும்.

குழப்பமே இங்கதான்! சிறுநீர்த் தொற்றோ புரோஸ்டேட் அழற்சியோ வந்தால் சிஆர்பியும் ஏறும், பிஎஸ்ஏவும் ஏறும். அதனால் தொற்றுக்குச் சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து பிஎஸ்ஏவை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் அளவு ஏறும். டெஸ்ட்டுக்கு முந்தைய 2 நாட்கள் தாம்பத்திய உறவையும் நீண்டதூர சைக்கிள் பயணத்தையும் தவிர்ப்பது நல்லது.

புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டுட்டாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். டாக்டரிடம் இதைச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் ஏமாற்றிவிடும்.

அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையா?

நாள்பட்ட அழற்சி புரோஸ்டேட் புற்றுநோயை உண்டாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஆனால் நோய் முற்றியவர்களிடம் இந்த எண்கள் பயன்படுகின்றன. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் சதவீதத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். உதாரணமாக 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4. பரவிய புரோஸ்டேட் புற்றுநோயில் இந்த விகிதமும் சிஆர்பியும் உயர்ந்தே இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கலாம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் உறுதியானவர்களுக்கான கணக்கு இது. காய்ச்சலோடு எடுத்த ரிப்போர்ட்டில் இதைப் போட்டுப் பார்த்துப் பயப்படக் கூடாது.

எதை அலட்சியப்படுத்தக் கூடாது?

சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, இரவில் பலமுறை எழுவது, சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு. முக்கியமாக, விடாத முதுகு, இடுப்பு எலும்பு வலி. "குனிஞ்சு வேலை செஞ்ச உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் முதலில் பரவும் இடமே பெரும்பாலும் எலும்புதான். தொடக்கத்திலோ அறிகுறியே இல்லாமல் இருக்கலாம்.

யார், எப்போது பரிசோதிக்கலாம்?

50 வயதானவர்கள் பிஎஸ்ஏ பற்றி டாக்டரிடம் பேசலாம். அப்பாவுக்கோ சகோதரருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 45-லேயே பேச வேண்டும். 70-ஐத் தாண்டி, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. காரணம், சில புரோஸ்டேட் புற்றுநோய்கள் மிக மெதுவாக வளர்பவை, ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராதவை.

தேசிய அளவிலான புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள்தான் இருக்கின்றன. புரோஸ்டேட் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஆண்கள் தாங்களாகவே கேட்டால்தான் உண்டு. பிஎஸ்ஏ தொடர்ந்து கூடினால் விரல் பரிசோதனை, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்சி. புற்றுநோயை உறுதி செய்வது பயாப்சிதான்.

டெல்டாவில் இருப்பவர்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் மறக்க வேண்டாம். ஒரு நாள் எடுத்த பிஎஸ்ஏவை விட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.