பக்கவண்டியும் முன்கவையும்

இருசில்லு மோட்டார் சைக்கிள் வளைவிலே சாய்ந்து திரும்பும். பக்கவண்டி பூட்டியதும் அச்சாய்வு இல்லாதொழியவே, திருப்பும் பாரமெல்லாம் ஓட்டுநரின் கைகளைச் சாரும். இரண்டாம் உலகப் போரின் பின்னர், கார் வாங்க இயலாத ஜேர்மன் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிள்ளைகளையும் பொதிகளையும் ஏற்றிச் செல்ல இம்முச்சில்லு வண்டியே கதியாயிருந்தது.

பாரத்தின் காரணம் முன்சில்லில் உளது. கைபிடி திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது நிலத்தைச் சந்திக்கும். இவ்விடைத்தூரம் தனி வண்டியை நேர்வழியில் நிலைநிறுத்துகிறது. பக்கவண்டி பூட்டியவனுக்கோ அதுவே தோள்வலியைத் தருகிறது.

ஆங்கிலேயரான ஏர்னஸ்ட் ஏர்ல்ஸ் வகுத்த முன்கவையை, ஜேர்மனியின் பீ. எம். டபிள்யூ. நிறுவனம் 1955இல் கைக்கொண்டது. சில்லைத் தாங்கி ஊசலாடும் கரத்தைப் பூட்ட அதில் இரு துளைகள் அமைந்திருந்தன. கரத்தை முன் துளைக்கு மாற்றியதும் சில்லு முன்னே நகர்ந்தது, இடைத்தூரம் குறைந்தது, கைபிடி இலேசாயிற்று. கவையை மாற்ற வேண்டியதே இல்லை என்பது இவ்வமைப்பின் சிறப்பு. எனினும், இடைத்தூரம் மிகக் குறைந்தால் மெதுவான ஓட்டத்தில் கைபிடி நடுங்கும். ஆதலின் அதனை அடக்கும் உராய்வுத் தடையும் இணைக்கப்பட்டது.

மலிவான கார்கள் பெருகவே பக்கவண்டிகள் அருகின. 1969இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய வண்டிகளில் ஏர்ல்ஸின் கவை இடம்பெறவில்லை.