உயிர்ச்சத்து மாத்திரையும் இரத்தக் குழாயும்

நம் சங்கத்து முதியோர் பலர் உணவிற்குப்பின் உயிர்ச்சத்து மாத்திரை ஒன்றை விழுங்குவதைக் காண்கின்றோம். இருதயத்திற்கு நல்லது என்பது கேள்வி. அக்கேள்வி எங்குப் பிறந்து என்னவாயிற்று என்பதே ஈண்டு நாம் கூறப்புகும் வரலாறு.

1922இல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஈவன்ஸ், பிஷப் என்னும் இருவர், ஒருவகை உணவையே உண்ட பெண் எலிகள் கருவுற்றும் குட்டி ஈனாமையைக் கண்டனர். இலைக்கீரை சேர்த்தபோது ஈன்றன. அங்ஙனம் வெளிப்பட்டதே 'ஈ' உயிர்ச்சத்து. மகப்பேற்றுக்கு உரியதாய் அறிமுகமான பொருள் இருதய மருந்தானது விந்தையே! 1940களில் கனடாவின் ஷூட் சகோதரர்கள் அதனை நெஞ்சு நோய்க்குக் கொடுத்தனர். மருத்துவ உலகம் நம்பவில்லை.

நம்பிக்கை பிறிதொரு வழியே வந்தது. 1956இல் டென்ஹாம் ஹார்மன், பிராணவாயுவின் வினையால் உடலில் தோன்றும் நிலையற்ற துணுக்குகளே மூப்பிற்குக் காரணம் என்றார். 1980இல் ராபர்ட் பர்ச்காட், முயலின் இரத்தக் குழாயில் உட்தோல் உரிந்துவிட்டால், அசிட்டைல்கோலின் பட்டும் குழாய் தளராமையைக் காட்டினார். அவ்வுட்தோல் சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1998இல் இதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மேற்கூறிய துணுக்குகள் இவ்வாயுவை அழிக்கின்றன. இரத்தத்துக் கொழுப்பையும் கெடுத்துக் குழாய்ச் சுவரில் சேரச் செய்கின்றன. துணுக்குகளைத் தடுப்பது உயிர்ச்சத்து. ஆகவே அது குழாயைக் காக்கும். எத்துணை அழகிய வாதம்! அதனை உண்போர்க்கு மாரடைப்புக் குறைவு என 1993இல் அமெரிக்காவின் இரு பெரும் ஆய்வுகளும் கூறின.

ஆனால் உண்போர் எவர்? பெரும்பாலும் உடலைப் பேணுவோரே. சீட்டுக் குலுக்கிப் பகுத்துப் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. கேரளத்துக் கொட்டாரக்கரையிற் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப், கனடாவிலிருந்து அத்தகைய சோதனையை நடத்தினார். 9,000க்கு மேற்பட்டோர், ஒரு சாரார்க்கு 'ஈ' மாத்திரை, மறு சாரார்க்கு வெறும் மாத்திரை, ஏறத்தாழ நாலரை ஆண்டுகள். 2000இல் வந்த முடிவு: மாரடைப்பில் வேறுபாடில்லை. 2002இல் பிரிட்டனில் 20,536 பேரைக் கொண்ட சோதனையில் 'சி', 'ஈ', பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் அதுவே. பின்லாந்தில் பீட்டா கரோட்டின் உண்ட புகைப்போரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்தது 1994இலேயே தெரிந்திருந்தது.

துணுக்கு நைட்ரிக் ஆக்சைடோடு கூடும் வேகத்திற்கு உயிர்ச்சத்தால் ஈடுகொடுக்க இயலாது என்பது விஞ்ஞானிகள் கூறும் காரணங்களுள் ஒன்று.

நெல்லிக்கனியையும் கீரையையும் நாம் பழிக்கவில்லை. சோதனைக்கு உட்பட்டவை மாத்திரைகளே. யூசுப்பின் அதே சோதனையில் உடன் ஆராயப்பட்ட ராமிப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தோ மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்தது. அது மருத்துவர் எழுதித் தருவது. கடையில் நாமே கேட்டு வாங்குவதன்று.