வாத்தியார் கைவழி வந்த கதைகள்: புதுவைக் கிராமக் கொம்யூன்களில் இளையோர் புனைகதை வாசிப்பும் மதிப்பீடும்

பாகூரின் கல்வி வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாக ஒரு செப்பேட்டிலிருந்து தொடங்குவார்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில் வெளியான அந்தச் செப்பேடு, பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்தைப் பேண மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. பெருமைக்குரிய ஆவணம்தான். ஆனால் அங்கே பயிலப்பட்டது சாத்திரக் கல்வி. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடிகளின் பிள்ளைகள் தம் மனத்துக்குப் பிடித்த கதையைத் தாமே எடுத்துப் படிக்கும் நிலை அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. அந்த நிலை எப்படி வந்தது, பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலானவர்களுக்கான புனைகதை பாகூர், வில்லியனூர் ஆகிய இரு கொம்யூன்களில் (உள்ளாட்சிப் பிரிவுகளில்) யார் வழியாகப் பரவியது, அதை எடைபோட்டவர்கள் யார் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரெஞ்சு ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுகளில் புதுவைத் தமிழிலக்கியத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். பாரதிதாசன் ஆசிரியர். அவரிடம் பயின்று, அவர் வழியில் கவிஞரான வாணிதாசனும் ஆசிரியரே. 1915இல் வில்லியனூரில் பிறந்த வாணிதாசன் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேட்டில் வாழ்ந்தவர். நாம் பேசும் இரு கொம்யூன்களும் ஒரே கவிஞரின் வாழ்க்கைக்குள் அடங்கிவிடுகின்றன. புதுவை 1954இல் இந்தியாவுடன் இணைந்தபின், 1958இல் பாரதிதாசனின் ‘இளைஞர் இலக்கியம்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு வாணிதாசனின் ‘குழந்தை இலக்கியம்’ வந்தது. இரண்டும் பாட்டு நூல்கள். வகுப்பில் வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் கூடவே சொல்லி மனப்பாடம் செய்யும் முறைக்கு ஏற்ற வடிவம் அது. பொருள் தெளிவு, ஓசை, நல்லெண்ணம் ஆகிய மூன்றும் அந்தப் பாட்டுகளின் அளவுகோல்களாக இருந்தன. பின்னாளில் கதைகளை மதிப்பிட வந்தபோதும் நம் விமர்சகர்கள் அந்த அளவுகோல்களையே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

அதே காலத்தில் கதை வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, தமிழ்வாணனின் ‘கல்கண்டு’, 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் என எல்லாம் சென்னையிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ வந்தவை. துப்பறியும் சங்கர்லாலைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு வாசிப்பின் ருசியைக் காட்டியவை இவைதான். ஆய்வாளர்கள் இவற்றைப் பெரும்பாலும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அது பெரிய இழப்பு. இளையோர் எதைத் தாமாக நாடிப் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை.

திருப்பம் 1980களின் பிற்பகுதியில் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987இல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கின. 1989இல் புதுவையில் அறிவொளி இயக்கம் வேர்விட்டது. மாலை நேரத்தில் தெருவிளக்கடியிலும் திண்ணையிலும் முதியோருக்கு எழுத்தறிவித்த தொண்டர்களில் பலர் இளைஞர்கள். கற்பிக்கப் போனவர்களும் வாசகர்களானார்கள். படிக்கக் கற்றவர்களின் கையில் கொடுக்கச் சின்னச் சின்னக் கதை நூல்கள் தேவைப்பட்டன. கிராமத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகும் வழியை உருவாக்கியது கடைகளல்ல, இந்த இயக்கமே.

அதே காலகட்டத்தில்தான் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைத் திரட்டும் பணிக்காக இங்கே வந்து, 2021இல் மறையும்வரை புதுச்சேரிவாசியாகவே இருந்தார். அவர் முன்பே எழுதியிருந்த ‘பிஞ்சுகள்’ தமிழ் இளையோர் புனைகதையின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் கரிசல் சிறுவன் வெங்கடேசுவின் உலகத்தில் கதை சொல்பவர் ஓரிடத்திலும் வாத்தியாராக மாறுவதில்லை. சிறுவனின் ஆவலுக்கு நிகராகத் தானும் நடக்கிறார்.

பாகூருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தால் கடலூர். அவ்வூரின் பள்ளி ஆசிரியர் இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ 1990களில் வெளிவந்து, ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஆயிஷா கேள்வி கேட்பதற்காக அடிவாங்குகிறாள். அடியின் வலி தெரியாமலிருக்க மருந்தைத் தன் உடலிலேயே செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். கதையைச் சொல்பவர் அவளுடைய அறிவியல் ஆசிரியை. ஓர் அறிவியல் நூலின் முன்னுரையாக அமைந்த அந்தக் குற்ற ஒப்புதலைத் தமிழாசிரியர் சமூகம் தனக்கு வந்த கடிதம்போல் வாசித்தது. வகுப்பறை வன்முறை பற்றிய பேச்சை அது கிளப்பியது. ஆனால் ஆயிஷாவின் வயதிலேயே இருக்கும் வாசகிக்கு இது எப்படிப்பட்ட கதை? அவள் ஆசிரியையின் குற்றவுணர்வை வாசிப்பாளா, தன் தோழியின் சாவை வாசிப்பாளா? அச்சில் வந்த மதிப்புரைகள் இந்தப் பக்கம் திரும்பியதே அரிது.

இந்தக் குறை இன்றும் தொடர்கிறது. 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கும் பால சாகித்திய விருது ஒன்பது முதல் பதினாறு வயதினருக்கான நூல்களை ஒரே வரிசையில் வைக்கிறது. புதுவையில் வாழ்ந்த ம. இலெ. தங்கப்பாவின் பாட்டு நூலான ‘சோளக்கொல்லைப் பொம்மை’ 2011இல் பெற்ற அதே விருதைத்தான், சிறார் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இலும், கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும் பெற்றன. ஒவ்வொன்றும் அதனதன் தகுதியால் பெற்ற விருதே. ஆனாலும் ஒன்பது வயதுக்காரரின் வாசிப்பும் பதினாறு வயதுக்காரரின் வாசிப்பும் ஒன்றாகக் கருதப்படும்போது, மதிப்புரையாளருக்கு எளிதாகக் கிடைக்கும் பொது அளவுகோல் ‘பயன்’ ஒன்றுதான். பாலபாரதியின் நூல் விழிப்புணர்வு தருகிறது என்று பாராட்டப்படுகிறது. பயந்துபோன ஒரு சிறுமி பேசத் தொடங்கும் இடத்தைக் கதை எப்படிக் கட்டியிருக்கிறது என்ற ஆராய்ச்சி குறைவு. உதயசங்கரின் நாவலைத் தமிழர் தொன்மைக்கான சான்றாகப் பேசுகிறார்கள். பழங்காலத்துச் சிறுவன் ஒருவன் உயிருள்ளவனாக நம்முன் நிற்கிறானா என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது.

கிராமத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிதான் புத்தகக் கடை. புதுவைப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றிய காலத்தில் பத்தாம் வகுப்பு விரிவானத்தில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி வில்லியனூர், பாகூர் மாணவர்களின் கைக்கும் வந்தது. 2023-24 கல்வியாண்டு முதல் புதுவை அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. பாடநூல் வழியாகவே கதைக்குள் நுழைந்தவர்களுக்கு இனி எந்த வாசல் என்பதைக் கவலையோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எனவே நூலகத்திலும் பள்ளியிலும் மதிப்புரை எழுதுபவரின் வயது முக்கியமாகிறது. பதினைந்து வயது வாசகி கதையைப் பாதியில் மூடிவைத்த இடம் எது, அவளுக்குப் பொய்யாகப்பட்ட உரையாடல் எது, இரவில் மறுபடி எடுத்துப் படித்த பக்கம் எது என்ற தரவுகள் ஆசிரியர் எழுதும் மதிப்புரையில் கிடைக்காது. இளையோருக்காக இதழ் நடத்துவோரும் விருதுக்கு நூல் தேர்வோரும் அந்த வாசகியின் எழுத்தையே கேட்டு வாங்கி, திருத்தாமல் அச்சிட வேண்டும். சேலியமேட்டு மாணவி ‘ஆயிஷா’வைப் பற்றி எழுதும் இரண்டு பக்கம் இந்தத் துறைக்கு உடனடியாகத் தேவைப்படும் ஆவணம்.